கூடுதலாக ஒரு பல்

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கையை எடுத்த பிறகு, அது மறுபடியும் ஒருமுறை 'கடக்' என்றது.

முதல் நாள் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய கார், ஏதோ உரசுகிறது என்று விட்டுவிட்டாள். பிறகுதான் கவனித்தாள்: என்ஜின் அடங்கி, கண்ணாடிகள் ஏற்றிய அந்தப் புழுக்கத்தில், சீட்டுத் துணியிலிருந்து இன்னும் போகாத யாரோ ஒருத்தியின் பவுடர் வாசனை மெல்லக் கிளம்பும்போதுதான் அந்தச் சத்தம் வருகிறது. யாரோ என்ன யாரோ? காய்ச்சலில் இறந்துபோன, கணவரின் முதல் மனைவியின் கார்தானே இது.

கணவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"நம்ம வாசல் சரிவுதானே? அவ எப்பவும் லீவரை இன்னொரு 'கடக்', ஒரு பல் கூடுதலா இழுப்பா. உனக்கு அந்தக் கை வரல."

அவளுக்கு வயிறு எரிந்தது. சமையலில் அவள், துணி மடிப்பதில் அவள், இப்போது பிரேக்கிலுமா? போன பிறகும் இடத்தைக் காலி செய்யாதவள்.

மறுநாள் மெக்கானிக் பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தார்.

"கேபிள் புதுசாத்தான் இருக்கு மேடம். எங்கயும் உரசல."

"அப்ப நல்லா இறுக்கி வச்சிடுங்க. லேசா இழுத்தாலே பிடிக்கணும்."

அந்தக் கூடுதல் பல் இனி இந்த வண்டிக்குத் தேவைப்படவே கூடாது. ஸ்பானர் நட்டைத் திருகும் சத்தம் அவளுக்கு இனித்தது. பாதியில் அது நின்றது.

"மேடம், நான் அடியில கிடக்கேன். இப்ப லீவரை இழுக்காதீங்க."

அவள் பட்டறைச் சுவரோரம் நின்றிருந்தாள். காருக்குள் யாரும் இல்லை.

"சரி" என்றாள். வேறென்ன சொல்வது? வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் ஜெயிப்பது யார்? ஏறி உட்கார்ந்து ஓட்டி வந்தாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கம்போல் ரிவர்ஸில் சரிவேற்றி, கேட்டைப் பார்த்தபடி நிறுத்தினாள். லேசாக இழுத்ததுமே பிரேக் பிடித்தது. காத்திருந்தாள். சத்தமே இல்லை.

தொலைந்தாள், சனியன்.

காரை விட்டு இறங்கி, துள்ளிக்கொண்டு கீழே கேட்டுக்கு வந்தாள். கணவர் குனிந்து கேட்டின் ஒரு கதவுக்குத் தாழ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மறு கதவைப் பிடித்தாள்.

கடக்.

அவர் நிமிராமலே சிரித்தார். அவளிடம் ஒருநாளும் காட்டாத குழைவு அந்தக் குரலில் இருந்தது.

"இப்பதான் சரியா இழுத்திருக்க."

"நான் இங்க நிக்கிறேங்க."

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

மேலே, காருக்குள், லீவரின் பொத்தான் அமுங்கியது. லீவர் இறங்கியது.

கார் அசைந்தது. மெதுவாக. என்ஜின் இல்லாமல்.

பவுடர் வாசனை.

அவர் ஒரு பக்கம். அவள் ஒரு பக்கம். அவள் முதுகில் மதில்.

பாதிச் சரிவில் முன்சக்கரங்கள் திரும்பின. அவரை விட்டு விலகி. அவள் பக்கம்.