கறுப்பு வாயில்

பால் வாங்குவதற்குள் ரெஜினா மச்சாடோ தினமும் இரண்டு தடவை வியந்தாக வேண்டும். முதலில் தண்ணீர் வாரியம். விழிச்சட்டத்தை மாட்டி, அதன் ரப்பர் விளிம்பு கண்ணைச் சுற்றிக் கவ்விக்கொண்டதும், வாரியத்தின் வாயில்பக்கம் முகத்துக்கு நேரே எழுந்து நின்றது: தரையிலிருந்து வானத்துக்கு ஏறும் ஓர் அருவி. முப்பரிமாண கிராபிக்ஸ், சாரல் கன்னத்தில் தெறிப்பது போலவே இருக்கும். ஆனால் நேற்றும் அதே அருவிதான், முந்தாநாளும் அதே அருவிதான். ரெஜினா நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருந்த மிளகை நறுக்கென்று கடித்தாள். உறைப்பில் கண்மணி விரிந்தது, பச்சைப் புள்ளி எரிந்தது, கதவு திறந்தது. இன்றைக்கு நான்கு குடம் என்று பதிந்துவிட்டு, பால் கூட்டுறவுக்காக அடுத்த மிளகை எடுத்தாள்.

புன்னைத்துறையில் எல்லா வீட்டுக் காலையும் இப்படித்தான். எந்த இணையப் பக்கத்துக்குள் நுழைவதானாலும் வாசலில் ஒன்பது நொடி நின்று வியக்க வேண்டும். ஒரு காலத்தில் இயந்திரங்கள் மனிதர் போலவே எழுதவும் பேசவும் கற்றுக்கொண்டு, அரசுப் பக்கங்களில் லட்சக்கணக்கில் பொய் விண்ணப்பங்களைக் கொட்டின. வந்திருப்பது ஆளா இயந்திரமா என்று கண்டுபிடிக்க எந்தப் புதிரும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு புத்திசாலிக் குழு கூடி, இயந்திரத்துக்கு எல்லாம் வரும், வியப்பு மட்டும் வராது என்று தீர்ப்புச் சொன்னது. அழகைக் கண்டால் மனிதக் கண்மணி ஒன்றரை மில்லிமீட்டர் விரிய வேண்டும். விரிந்தால் உள்ளே, விரியாவிட்டால் வெளியே. வியப்புச் சட்டம் இப்படித்தான் வந்தது. ரெஜினாவுக்குச் சோறும் அதனால்தான் வந்தது.

அவள் வாயில் வரைஞர். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு: ஏற்றிய வாயில் பதினைந்து நாள் நின்றாக வேண்டும். அதற்குள் வரைந்தவரைத் தவிர வேறு யாரும் அதை இறக்க முடியாது. விசாரணை வைத்து உரிமத்தைப் பறித்தால்தான் உண்டு. ஒருவர் வாயிலை ஒருவர் கவிழ்த்து அடித்துக்கொண்ட வரைஞர்கள், தாங்களே கெஞ்சிக் கேட்டு வாங்கிய விதி அது.

மாவட்ட இறப்புப் பதிவகத்தின் வாயில் ரெஜினாவுடையது. ஆழ்கடலில் ஆயிரம் சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். முத்துக்கு முத்து ஒரு நிலா உதிக்கும். அந்த ஒளிச் சிதறலைக் கணினியில் ரெண்டர் செய்து படமாக்கவே மூன்று மாதம் ஆனது. சாவைப் பதிய யாரும் அடிக்கடி வரப்போவதில்லை என்பதால் ஒரு வருடமாக அதே வாயில் நிற்கிறது. அதற்குக் கிடைத்த மாநிலக் கேடயம் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. செத்தவர் வீட்டாருக்கு எதற்கு நிலா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று பால் வந்த கையோடு மதினியும் வந்தாள். பிலோமி, அண்ணன் கஸ்பாரின் மனைவி. உள்ளே வந்து உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன் ரெஜினா. அவிய சாவ இன்னும் பதியல."

"என்ன மதினி சொல்லுதிய? எம்பத்தெட்டு நாளாச்சே!"

"பதினோரு தடவ பாத்துட்டேன். ஒன் வாசல் நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்லல. எனக்குத்தான் தெறக்க மாட்டேங்கு. நான் மனுசியான்னு உறுதியாவலன்னு எழுதிக் காட்டுது."

கஸ்பார் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். தொண்ணூறு நாளுக்குள் மனைவி தன் கண்ணால் நுழைந்து சாவைப் பதிந்தால்தான் படகின் உரிமம் அவள் பெயருக்கு மாறும். தவறினால் ரத்து. அந்த 'ஸ்டெல்லா' படகை நம்பி நான்கு வீட்டில் உலை வைக்கிறார்கள்.

"மிளகு கடிச்சியளா?"

"பச்ச மொளகாயே கடிச்சேன் புள்ள. உறைக்கல. அவிய போனதுலேருந்து நாக்குல ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு."

"ஆபீசுல கேட்டிய?"

"மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் போடச் சொல்லுதாவ. ஆறு மாசமாவுமாம்."

இருப்பதோ இரண்டு நாள். ரெஜினா அடுப்பை அணைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். தன் கை வரைந்த கதவு தன் வீட்டாளையே வெளியே நிறுத்தியிருக்கிறது. இன்னும் பெரிதாக, இன்னும் பளபளப்பாகப் போட்டால் விரியாதா என்ன? தொழில்காரியின் புத்தி அப்படித்தான் போகும். வானத்தில் நீந்தும் திமிங்கலம் வரைந்தாள். மதினியின் தலைக்கு மேல் வெடித்து மலரும் நட்சத்திரம் வரைந்தாள். ஒவ்வொன்றையும் பிலோமிக்கு மாட்டிக் காட்டினாள். அளவுகோல் மூன்றரை மில்லிமீட்டரில் ஆணி அடித்தாற்போல நின்றது. ஐந்தைத் தொட்டால்தான் கதவு திறக்கும்.

மத்தியானத்துக்கு மேல் ரெஜினா செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். பழைய படங்களை எடுத்து, கஸ்பாரைப் படகு முனையில் நிறுத்தி, சிரித்தபடி திரும்பிப் பார்க்க வைத்தாள். அது ஓடத் தொடங்கியதும் அளவுகோலின் முள் துடித்தது. மறு நொடியே பிலோமி விழிச்சட்டத்தைப் பிய்த்து மடியில் போட்டாள்.

"அவியள வச்சுக் கதவத் தெறக்காத. படகு போனாப் போவுது."

ரெஜினாவுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. "தப்புத்தான் மதினி. மன்னிச்சிருங்க," என்றாள். பிலோமி சமையற்கட்டுக்குப் போய்க் காலையில் அணைந்த அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்தப் படத்தை முதல் வேலையாக அழிக்கப்போனபோதுதான் ரெஜினா கண்மணி அளவுப் பதிவேட்டைக் கவனித்தாள். திமிங்கலத்துக்கு மூன்றரை. நட்சத்திரத்துக்கு மூன்றரை. இரண்டுக்கும் நடுவே ஐந்தே கால் என்று ஒரு வரி. ஏதோ பிழை என்று முதலில் நினைத்தாள். நேரத்தைப் பார்த்தாள். ஒரு வரைவை மூடி அடுத்ததை ஏற்றுவதற்குள் விழிச்சட்டம் பத்து நொடி வெறும் கறுப்பாக இருந்திருக்கிறது. எல்லா இடைவெளியிலும் அதே ஐந்தே கால்.

இருட்டில் யாருக்கும் கண்மணி விரியும். பள்ளிக்கூடத்துப் பாடம். இத்தனை வருடமாக வரைஞர் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் கறுப்புத் திரை என்பது இந்தத் தொழிலில் மானக்கேடு. ஒரு நொடி கறுப்பு விட்டாலும் கத்துக்குட்டி என்று சிரிப்பார்கள். ரெஜினா வியப்புச் சட்டத்தை வரி வரியாகப் படித்தாள். கண் கூசும் வெளிச்சம் கூடாது என்று இருந்தது. வெளிச்சம் வேண்டும் என்று எங்கும் இல்லை.

மறுநாள் காலை ஆயிரம் சிப்பிகளையும் அவளே இறக்கினாள். அந்த இடத்தில் ஒன்பது நொடி இருட்டை ஏற்றினாள். பிலோமி விழிச்சட்டத்தை மாட்டிக்கொண்டு, கை இரண்டையும் மடியில் கோத்து உட்கார்ந்தாள். பச்சைப் புள்ளி எரிந்தது. கணவன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பதிந்து முடித்த பிறகு, எண்பத்தொன்பது நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள்.

அன்று சாயங்காலமே வாயில் ஆய்வாளர் சங்கரலிங்கம் அழைத்தார். நல்ல மனிதர்தான், கேடயம் வாங்கியபோது முதலில் கை தட்டியவர்.

"என்னம்மா இது? வாயில் காலியா இருக்கு. இன்னைக்கு மட்டும் நாப்பத்தாறு பேரு உள்ள வந்திருக்காங்க. எல்லாம் ஏற்கெனவே தள்ளிவிட்ட கேசு."

"அவ்வளவு பேர் வெளிய நின்னிருக்காவ, பாத்தியளா சார்?"

"பேச்ச மாத்தாத. இயந்திரம் உள்ள பூந்துட்டா யாரு பொறுப்பு?"

"இயந்திரத்துக்கு இருட்டுல விரிய கண்மணி ஏது சார்? அதுக்கு ஒடம்பு வேணும். உசிரு வேணும். ஒங்க சட்டம் கேட்டதும் அதத்தான?"

"சட்டம் வியப்பக் கேக்குது!"

"புருசனப் பறிகுடுத்தவகிட்டயா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ராத்திரிக்குள்ள பழைய வாயில ஏத்திரு. நான் ஒண்ணும் கேக்கல," என்றார்.

"ஏத்த மாட்டேன் சார்."

அன்று இரவே விசாரணை ஓலை வந்தது. நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு உரிம மன்றத்தின் இணையப் பக்கத்துக்குள் ஆஜராக வேண்டும். வரைஞர் வராமல் விசாரணை இல்லை, விசாரணை இல்லாமல் உரிமம் பறிக்க வழியும் இல்லை.

அந்தக் காலையில் ரெஜினா குளித்து, நல்ல சேலை கட்டி, மணி ஒன்பதே முக்காலுக்கே விழிச்சட்டத்தை மாட்டினாள். மன்றத்தின் வாயில் விரிந்தது. பொன்னால் ஆன ஒரு நகரம், கோபுரத்துக்குள் கோபுரமாக, வரைபடம் போல மடிப்பு மடிப்பாக அவிழ்ந்தது. யாரோ நல்ல கைகாரர் செய்த வேலை. இடப்பக்கம் நிழல் மட்டும் அரை நொடி பிந்துகிறது என்று கண்டாள். மிளகு டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவள் தொடவில்லை.

'மன்னிக்கவும். நீங்கள் மனிதர் என்பது உறுதியாகவில்லை.'

மூன்று தடவை முயன்றாள், மூன்று தடவையும் அதே வரி. பத்தரைக்கு சங்கரலிங்கம் அழைத்தார்.

"ஏம்மா உள்ள வரல? எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

"வாசல்லதான் சார் நிக்கேன். நான் மனுசின்னு உறுதியாவலையாம்."

"வேணும்னே பண்ணுத நீ."

"அத எந்த அளவுகோல் சொல்லுது சார்? மனுசியே இல்லாதவ உரிமத்த எந்தச் சட்டத்துல பறிப்பிய?"

அவர் பல்லைக் கடிப்பது கேட்டது. வேறு வழியில்லாமல், எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வாய் பழகிய வாக்கியத்தையே சொன்னார். "மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் போடு."

"போட்டுருதேன் சார். ஆறு மாசமாவும்லா?"

விழிச்சட்டத்தைக் கழற்றி வைத்தாள். பிலோமி வாசலில் வலைக்கூடையோடு நின்றிருந்தாள்; அன்று முதல் தடவையாக 'ஸ்டெல்லா' அவள் பெயரில் கடலுக்குப் போயிருந்தது.

"என்ன ஆச்சு புள்ள?"

"ஒண்ணும் ஆவல மதினி. வாயில் நிக்கி. இன்னும் பதிமூணு நாள் இருக்கு." ரெஜினா கேடயத்தை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கி, அந்த இடத்தில் பால் சட்டியை வைத்தாள். "ஒங்கள மாரி வெளிய நிக்க ஆளுவள ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தர் விடாம வரச் சொல்லுங்க."