பன்னிரண்டாவது சிறுத்தை

உலக வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட வேண்டிய செய்தி: இந்தக் காட்டில் சிறுத்தைகள் இனிமேல் பதினொன்று அல்ல, பன்னிரண்டு! வனவிலங்கு மரபணு ஆய்வகத்தின் இயக்குநர் இதை மைக்கில் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் முதலில் கைதட்டியவரும் அவரே.

அந்தப் பன்னிரண்டாவதை அதன் எச்சத்திலிருந்து, அதாவது மலத்திலிருந்து, கண்டுபிடித்துக் கொடுத்தவள் கீழே, நிலவறை ஆய்வகத்தில், திரையில் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனித மரபணு. ஊழியர் எண் ஒன்பது.

அதிசயம் ஒன்றுமில்லை. மாதிரிகளைத் தொடுகிற அத்தனை பேர் மரபணுவும் கோப்பில் உண்டு. ஒருமுறை இயக்குநர் ஒரு மாதிரிமேல் தும்மி, இரண்டு நாள் அரிய உயிரினமாகப் பதிவாகியிருந்தார்; அதன்பிறகு வந்த ஏற்பாடு இது. நம் ஆள் யாராவது தென்பட்டால் ‘ஊழியர் கவனக்குறைவு’ என்று எழுதி, வரியை அழித்துவிட வேண்டும்.

ஒன்பது அவள் தம்பி. காட்டில் எச்சம் சேகரிப்பவன். “நான் பொறுக்கி, நீ டாக்டர். சரக்கு என்னவோ ஒண்ணுதான் அக்கா” என்பான். கையுறை போடவே மாட்டான்.

ஆனால் தம்பி காட்டுக்குள் போய் ஐந்து நாளாகிறது. போன் அணைந்து கிடக்கிறது. பன்னிரண்டாவதின் எச்சம் இருந்த ஆறு பொட்டலங்களையும் காட்டிலிருந்து எடுத்து வந்தது டிரைவர்.

மாலையைக் கழற்றாமலே இயக்குநர் இறங்கி வந்தார்.

“மேலே வாம்மா, போட்டோ எடுக்கணும்.”

“சார், ஆறிலயும் என் தம்பி இருக்கான். இதையெல்லாம் அவன் எடுக்கவே இல்ல.”

“பையைத் தொட்டிருப்பான். அவன் கை என்னிக்குச் சும்மா இருந்துச்சு?” படியேறப் போனவர் நின்றார். திரும்பவில்லை. “வேற ஏதாவது எழுதினா அந்தச் சிறுத்தையைச் சுட்டுடுவாங்கம்மா. மறுபடி பதினொண்ணு.”

அவர் போனபின், உறைபெட்டியின் ஓயாத முனகலும், தலைக்குமேல் நாற்காலிகள் இழுபடும் ஓசையும், கிருமிநாசினி நெடிக்கு அடியில் பழைய ரோமத்தின் புழுங்கிய வாடையும் சேர்ந்து அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. அவள் ஆறாவது பொட்டலத்தைப் பிரித்தாள். கை படுவதென்றால் வெளியே படும். உள்ளே எந்தக் கையும் போகாது. உள்ளே இருப்பது அது தின்றது மட்டும்.

சல்லடையில் போட்டு, குழாயைத் திறந்தாள். நீர் பழுப்பாக ஓடியது. பிறகு வெளுத்தது. மானின் ரோமமாக இருக்கட்டும். முயலாக இருக்கட்டும்.

ரோமம் இல்லை.

நூல். காக்கி நிறம்.

சின்ன எலும்பு ஒன்று. இன்னொன்று.

மேலே யாரோ சிரித்தார்கள்.

தம்பிக்கு ஏழு வயதில், சண்டையில் அவள் அறைந்து சாத்திய கதவில் அவன் கட்டைவிரல் நசுங்கியது. அதற்கப்புறம் அந்த நகம் நடுவே பிளந்துதான் வளர்ந்தது. ஒரு நகம், இரண்டு பாதி. கோபம் வந்தால் அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவான்.

குழாயை மூடினாள். சல்லடையின் நடுவில், சுத்தமாக, அவளை நோக்கி நீட்டிக்கொண்டு.

ஒரு நகம். இரண்டு பாதி.

அன்று மாலையே அறிக்கை போய்விட்டது: சிறுத்தைகள் பன்னிரண்டு, ஊழியர் கவனக்குறைவு ஒன்று.