ஷ்வே யாரைப் பார்க்கிறது?

இன்சீன் ஸ்டேஷனில் நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலை விட்டு நான் இறங்கியபோது மழை விட்டிருந்தது. ஒரு கையில் நல்லையா மாமாவுக்குப் பிரியாணிப் பொட்டலம். இன்னொரு கையில் பாம்புக்காக ஐஸில் விறைத்த எலி. இரண்டையும் ஆள் மாற்றிக் கொடுத்துவிடாதே ஜஸீலா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேற்றில் நடந்தேன். தமிழரசி கூட வந்திருந்தால் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

தமிழரசி என் தோழி, மாமாவின் ஒரே மகள். ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். இந்த மழைக்காலம் தொடங்கியபோது டெங்கு வந்து இறந்துபோனாள். அம்மா இல்லாத வீட்டில் இப்போது மாமா ஒருவர்தான், அவளுடைய பாம்போடு.

அது ஒரு மஞ்சள் மலைப்பாம்பு, என் முன்கைத் தடிமன்கூட இருக்காது. ஷ்வே என்று பெயர் வைத்திருந்தாள். பர்மியில் தங்கம். கழுத்தில் போட்டுக்கொள்ளத் தங்கச் சங்கிலி கிடையாது, இதையாவது போட்டுக்கொள்கிறேன் என்பாள்.

"பாம்பு ஒண்ணும் திங்க மாட்டேங்குதும்மா, வந்து பாரு" என்று மாமா போன் செய்திருந்தார். "வேற ஒரு சங்கதியும் இருக்கு. நேர்ல காட்டுறேன்." மகளைப் பறிகொடுத்த மனிதரின் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது.

பழைய ரயில்வே லைன் வீடு. உள்ளே ஈர மரத்தின் வாடையும் விளக்கெண்ணெய் வாடையும் கலந்திருந்தன. அரசியின் படம் மாலையோடு சுவரில் இருந்தது. அதன் கீழே அவள் கட்டில், கட்டிலை ஒட்டிக் கண்ணாடித் தொட்டி.

ஷ்வேயைப் பார்க்கக் குனிந்தேன். முதுகெலும்பு கத்தி முனைபோலத் துருத்திக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் செதில் உரிந்து சிவந்து கிடந்தது. மின்சாரம் போய்ப் போய் வருவதால் சூடு போதவில்லையோ என்று தொட்டியின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். கதகதப்பாகத்தான் இருந்தது. மாமா அதற்கென்றே ஒரு பேட்டரி வாங்கி வைத்திருந்தார்.

"மூக்கு ஏன் மாமா இப்படிப் புண்ணாயிருக்கு?"

"முத்தம் குடுக்குதும்மா."

நான் சிரித்துவைத்தேன். "பாம்பு முத்தமெல்லாம் குடுக்காது மாமா."

"நீ இரு. அவ வேலை விட்டு வர்ற நேரம் ஆகட்டும். அப்புறம் சொல்லு."

நானும் பாம்பு வளர்க்கிறவள்தான், ஆனால் பாம்பைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அரசிதான். பாம்புக்கு இமை கிடையாது, முகத்தில் சிரிப்போ அழுகையோ தெரியாது. உடம்பைத்தான் பார்க்க வேண்டும். நாக்கு நிதானமாக வந்து வந்து போனால் அது சுற்றுப்புறத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறது. உடம்பு தொளதொளவென்று கையில் வழிந்தால் நிம்மதியாக இருக்கிறது. கழுத்தை மடித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தால் பயந்திருக்கிறது. பயம் எல்லை மீறினால் உடம்பையே பந்தாகச் சுருட்டி நடுவில் தலையைப் புதைத்துக்கொள்ளும்.

"அதுக்கு நம்ம மேல பாசமெல்லாம் கிடையாதுடி" என்பாள் அரசி. "நம்மளப் பாத்துப் பயப்படாம இருக்குல்ல, அதுவே பெருசு."

பொழுது சாய்ந்தது. தெருமுனையில் தொழிற்சாலை வண்டி ஒன்று ஆள் இறக்கிவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்துவைத்தார்.

யாரும் வரவில்லை.

ஆனால் வாசனை வந்தது. ஈரமாக அரைத்துக் கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டையின் வாசனை. அந்த ஊரில் எந்தப் பெண்ணின் கன்னத்திலும் இருப்பதுதான். அந்த வீட்டில்தான் அதைப் பூச யாரும் இல்லை.

அறை குளிர்ந்தது.

தொட்டிக்குள் ஷ்வேயின் நாக்கு நின்றது.

மெல்லத் தலை எழும்பியது. கழுத்து மடிந்து பின்னுக்குப் போனது. அது வாசலைப் பார்த்தது. பிறகு கட்டிலின் ஓரத்தை. பிறகு தொட்டியின் முன்பக்கத்தை. ஒரு ஆள் நடந்துவரும் வேகத்தில் அந்தத் தலை திரும்பிக்கொண்டே வந்தது.

சீறியது.

பின்மூலைக்குப் பாய்ந்து, வெளியேற வழி தேடி, மூக்கைக் கண்ணாடியில் தேய்த்தது. தேய்த்த இடத்தில் ரத்தக் கோடு விழுந்தது.

"பாத்தியா?" மாமா கிசுகிசுத்தார். கண்ணில் நீர் தளும்பியது. "தலையத் தூக்கி வான்னு கூப்பிடுது. பேசுது. முத்தம் குடுக்குது. என் புள்ள தினம் வர்றாம்மா. இது மட்டும் இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

எத்தனையோ பாம்புகள் என்னைக் கடித்திருக்கின்றன, நான் பயந்தது கிடையாது. அன்று பயந்தேன். வந்திருப்பவளைவிட மாமாவின் மலர்ந்த முகம்தான் என்னை அதிகமாக நடுங்கவைத்தது.

தொட்டியின் மூடி தானாக நகர்ந்தது.

ஷ்வே பந்தாகச் சுருண்டு தலையைப் புதைத்துக்கொண்டது. அந்தப் பந்தின் மேல் ஒரு விரல் அகலத்துக்குச் செதில்கள் அமுங்கின. பள்ளம் மெதுவாக நகர்ந்தது. அரசி தடவிக்கொடுக்கும்போது அப்படித்தான் நகரும். அவ்வளவு பதவிசாக, அவ்வளவு ஆசையாக. அதன் அடியில் பாம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் இருந்தால் பாம்பு செத்துவிடும். சொன்னால் மாமாவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சந்தோஷமும் போய்விடும்.

"மாமா, அது சந்தோஷம் இல்ல" என்றேன். "அது பயம். தலையைத் தூக்குறதும் பயம், சீறுறதும் பயம். மூக்கைத் தேய்க்கிறது தப்பிச்சு ஓடப் பாக்குறதுதான் மாமா."

"ஹொட்லா?" நிஜமாகவா என்று பர்மியில் கேட்டார். தமிழ் அவருக்கு அந்த நேரத்தில் வரவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. "என் புள்ளையப் பாத்தா?"

தலையாட்டினேன். "இப்படியே போனா செத்துடும். நான் எடுத்துட்டுப் போறேன்."

"நீ எடுத்துட்டுப் போயிட்டா அவ வர்றது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அரசியை நினைத்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் தொட்டிருக்கிறாள். அந்த வீட்டில் அவள் வந்ததை உணர்ந்தது அது ஒன்றுதான். பயந்தாவது உணர்ந்ததே என்று தொட்டிருக்கிறாள், பாவி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா சட்டைக் கையைச் சுருட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து கட்டில் பக்கம் கையை நீட்டினார்.

"அரசி, அத விட்டுடும்மா. வாயில்லா ஜீவன். அப்பாகிட்ட வா. அப்பா பயப்பட மாட்டேன்."

பாம்பின் மேலிருந்த பள்ளம் மறைந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு மாமாவின் முழங்கையில் தோல் அமுங்கியது.

அவர் சிரித்தார். ஆனால் எனக்கு உடம்பைப் படிக்கத் தெரியுமே. கழுத்து தோளுக்குள் இறங்கியது. கால்கள் நாற்காலிக்கு அடியில் ஒடுங்கின. மறு கை நாற்காலிச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. மூச்சு நின்று நின்று வந்தது.

"பயமா இருக்கா மாமா?"

"இல்லம்மா. சும்மா, குளிருது."

தொட்டிக்குள் பந்து தளர்ந்தது. தலை வெளியே வந்தது. நாக்கு நிதானமாக நீண்டது. ஷ்வேயைத் தலையணை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு கடைசி ரயிலுக்கு ஓடினேன்.

கியாக்டடாவில் என் வீட்டுக்கு வந்த மறுவாரமே அது எலி தின்றது. அந்தச் செய்தியை நேரில் சொல்லலாம் என்று இன்சீனுக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. மாமா மகளின் கட்டிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கிடந்தார். பாதியாக இளைத்திருந்தார். முழங்காலை மார்போடு ஒட்டிவைத்து, தலையை உள்ளே புதைத்திருந்தார். ஒரு கை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விரல் அகலத்துக்குத் தோல் நீலம் பாரித்திருந்தது.

"ஷ்வே தின்னுச்சா?" தலையைத் தூக்காமலே கேட்டார்.

"தின்னுச்சு மாமா."

"கேட்டியா அரசி?"

நீட்டிய கை வெடவெடவென்று நடுங்கியது. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்கூட வந்துடுங்க மாமா. அங்க எங்க அம்மா பாத்துப்பாங்க."

"நான் வந்துட்டா அவ யாரத் தொடுவாம்மா?"

எவ்வளவோ கெஞ்சினேன். அசையவில்லை. கொண்டுபோன சாப்பாட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, அழுதுகொண்டே வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

தனக்கா வாசனை வந்தது.

என் முக்காட்டின் நுனி சரிந்து கிடந்தது. யாரோ அதை எடுத்து மெல்லத் தோளில் போட்டார்கள். கழுத்தில் ஒரு விரல் பட்டது, ஐஸ்போல.

அரசி என்று கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் கழுத்து தானாகப் பின்னுக்குப் போய்விட்டது.

விரல் உடனே விலகியது. அவளுக்குத்தான் உடம்பைப் படிக்கத் தெரியுமே.