வடிகட்டியில் விழாத கல்

"இதென்ன, டீ வடிகட்டியா?"

"வடிகட்டிதான். ஆனா டீ போட்டுடாதீங்க."

ஆஸ்பத்திரி லேப்பில் எதிரே நின்றவன் முறைத்தான். கட்டடம் கட்டும் இடத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் கொக்கு. பதினாறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவன். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் அரைமணி நேரம் போய்விடும். எதற்கு வம்பு என்று காலையில் ஏறினால் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டான். எட்டு வருஷம் அப்படி இருந்தால் உடம்பு சும்மா விடுமா? முந்தின நாள் விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது பாருங்கள்... சிமென்ட் மூட்டை மேல் புழுவாய்த் துடித்தான். கிட்னியில் கல் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி என்றாலே அவனுக்கு ஆகாது. டாக்டரையும் நம்பமாட்டான், மாத்திரையையும் நம்பமாட்டான். ஆனால் இந்த லேப் பொண்ணின் கண்கள்... மழை விட்டபின் இலை நுனியில் நிற்கும் துளி மாதிரி, ஒரு சிரிப்பு விழலாமா வேண்டாமா என்று அங்கே நின்றுகொண்டிருந்தது.

"ஒன்னுக்குப் போறப்ப ஒவ்வொரு தடவையும் இதுல வடிகட்டுங்க. கல் விழுந்தா இந்த டப்பாவுல போட்டு எடுத்துட்டு வாங்க."

"என் கல்லை வச்சு என்ன பண்ணப் போறீங்க? மோதிரம் செய்யவா?"

துளி விழுந்தே விட்டது. அவள் சிரித்த சிரிப்பில் கொக்குக்கு வலி எந்தப் பக்கம் என்றே மறந்துபோனது.

"அது என்ன கல்னு தெரிஞ்சாத்தாங்க அடுத்தது வராம தடுக்க முடியும். உப்பைக் குறைங்க. ரெண்டு லிட்டருக்கு மேல ஒன்னுக்குப் போற அளவுக்குத் தண்ணி குடிங்க."

"அவ்வளவு உசரத்துல நான் எங்கங்க போறது?"

"மூடி போட்ட கேன் கொண்டு போங்க. வெட்கப்பட்டா கல்லு கரைஞ்சிடுமா?"

ஒரு பெண் இப்படிப் பட்டென்று சொல்லி அவன் கேட்டதில்லை. கேனும் வாங்கினான், தண்ணீரும் குடித்தான்.

பத்து நாள் போனது. வலி சுத்தமாக நின்றுவிட்டது, ஆனால் கல் மட்டும் விழவில்லை. எங்கேயோ தெரியாமல் போயிருக்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். டப்பா காலியாக இருந்தால் அந்தக் கண்களைப் போய்ப் பார்ப்பது எப்படி? புத்தி கெட்டவன், மணல் குவியலில் பழுப்பாக ஒரு பொடிக்கல்லைப் பொறுக்கி டப்பாவில் போட்டான்.

"விழுந்துடுச்சா!" அவள் முகம் மலர்ந்தது. "எங்கப்பாவும் உங்க மாதிரிதான். வலி போயிடுச்சுன்னு சும்மா இருந்தார். கல்லு உள்ளயே அடைச்சு ஒரு கிட்னியே போச்சு. உங்களுக்கு நல்லபடியா வந்துச்சே... எனக்கு அது போதும்."

சுருக்கென்றது. சொல்லிவிடலாமா? வாய் வரவில்லை. கல் விழுந்ததென்று கேள்விப்பட்ட டாக்டர் மறுநாள் எடுக்க வேண்டிய ஸ்கேனை ரத்து செய்துவிட்டார்.

மூன்றாம் நாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொக்கு மேலே இரும்புக் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தான். வாக்கி டாக்கி கரகரத்தது. மேஸ்திரியின் குரல் இல்லை.

"கொக்கு சார், லேப் பொண்ணு பேசுறேன், மேஸ்திரிகிட்ட இதை வாங்கினேன். கீழதான் நிக்கிறேன்."

கொக்கு கம்பிக் கட்டை அந்தரத்தில் நிறுத்தினான்.

"நீங்க கொடுத்த கல்லைக் கண்ணாடியில உரசினேன். கீறல் விழுந்துச்சு. ஆசிட்ல போட்டேன், கரையலை. கிட்னியில மணல் விளையாதுங்க. டாக்டர் எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்துச் சிரிச்சார்... அது போகட்டும். நிஜக் கல்லு இன்னும் உள்ள இருக்கலாம். இறங்கி வாங்க."

அந்த அலைவரிசையில் இருந்த முப்பது பேரும் கேட்டார்கள்.

"கொக்கு, மணலா போட்டே? ஒரு லோடு நமக்கும் அனுப்புப்பா!" என்றான் கம்பி கட்டுகிறவன். எங்கும் சிரிப்பு.

மானம் போனது. இனி எந்த முகத்தோடு இறங்குவது? 'போங்கம்மா, எனக்கு ஒண்ணுமில்லை' என்று சொல்லப் பொத்தானை அழுத்தினான். கீழே எட்டிப் பார்த்தான். முதல் மழையில் குடையும் இல்லாமல், வெள்ளைக் கோட்டு நனைய, ஒரு புள்ளியாக அவள் அண்ணாந்து நின்றாள். அவனுக்காக... அவன் கிட்னிக்காக.

கம்பிக் கட்டைப் பத்திரமாக இறக்கி வைத்தான். ஏணியில் கால் வைத்தான்.

ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. கல் வழியில் சிக்கி, வலியே காட்டாமல் அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் அந்தக் கிட்னி அவ்வளவுதான் என்றார் டாக்டர். குழாய் விட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், "நானே லேப்ல கொடுக்கிறேன்" என்று கல் இருந்த டப்பாவை வாங்கிக்கொண்டான்.

அவள் நிமிரவில்லை. கோபம் அப்படியே இருந்தது.

"இது நிஜம்" என்றான்.

"டெஸ்ட் பண்ணித்தான் நம்புவேன்."

"பண்ணுங்க. நானும் யாரையும் நம்பாதவன்தான். மணலைக் கொடுத்தது உங்களை ஏமாத்த இல்லீங்க... காலி டப்பாவோட வந்தா உங்களைப் பார்க்க விடமாட்டாங்களோன்னு. தப்புதான். உங்க வேலையைக் கேலியாக்கிட்டேன். மழையில நீங்க நிக்கலைன்னா நான் இறங்கியிருக்கவே மாட்டேன். இந்த உடம்பு உங்களுக்குக் கடன்பட்டிருக்கு. மனசு... அது முதல் நாளே உங்ககிட்ட வந்துடுச்சு."

அவள் டப்பாவைத் திறந்து லென்ஸை இழுத்துக்கொண்டாள். வெளியே மழை...

"கல்லு நிஜம்தான்" என்றாள் கடைசியில். இலை நுனியில் மறுபடி அந்தத் துளி. "சுண்ணாம்புச் சத்து கலந்த கல்லு. அதுக்காகப் பாலை நிறுத்திடாதீங்க."

"சரிங்க. நான் சொன்ன இன்னொண்ணு?"

"அதையும் டெஸ்ட் பண்ணணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

அவள் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். "குடிங்க முதல்ல. ஆயுசு முழுக்க ஆகும்... பக்கத்துல இருந்துதான் பார்க்கணும். உங்களுக்குச் சம்மதமா?"

கொக்கு ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்தான்.