பொன்வண்டுக் கவுன்

காலை 8.10. இத்தாலியத் துறைமுக நகரொன்றின் கால்சாப் பகுதியில், பழைய மாளிகை ஒன்றில் அந்தக் கவுன் தலையில்லாத பெண்ணாக நின்றது. நேற்றுவரை அதன் மார்பில் மின்னிய பொன்வண்டுச் சிறகுகளில் அறுபதைக் காணவில்லை. அங்கே கத்தரித்த நூல்கள்தான் தொங்கின.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் லண்டன் மேடையில் கொலைகார அரசியாக நடித்தவள் உடுத்தது. சிறகுகள் இந்தியாவிலிருந்து கப்பலேறியவை. பூச்சியின் முதுகில் இருந்தபோது எவரும் விலை கேட்கவில்லை. அரசியின் மார்பில் ஏறியதும் ஒவ்வொன்றுக்கும் ஆள் காத்திருந்தது.

அறைக்குச் சாவி மூன்று. ஒன்று கவுனைச் செப்பனிடும் சிஞ்ஞோரா ரீத்தாவிடம். இன்னொன்று, கவுன் உரிமையாளரின் ஆளாக முந்தாநாள் ரோமிலிருந்து வந்த ஃபெரான்தேயிடம். மூன்றாவது துப்புரவு செய்யும் துஷாந்தியிடம். காலையில் முதலில் உள்ளே போய் அலறியவள் அவள்தான். மற்ற இருவரும் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள்.

8.50. இன்ஸ்பெக்டர் ஸ்காலியா அறை வாசலுக்கு வெளியே சோடியாக இருந்த நீலச் சப்பாத்துகளைக் கவிழ்த்தார். துஷாந்தியுடையவை. அடிப்பள்ளத்தில் பச்சைச் சிறகுத் துண்டொன்று இறுகியிருந்தது. சப்பாத்துகள் போலீஸ் பைக்குள் போயின. அடுத்த வாரம் அவள் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். திருட்டு வழக்கு விழுந்தால் அது கிடையாது. பள்ளிக்கூடம் போகும் மகளோடு நாட்டைவிட்டே போகவேண்டிவரும்.

9.30. துஷாந்தியின் தமிழை மொழிபெயர்க்கச் சாம்பவி வந்தாள். போர்கோ வெக்கியோச் சந்தையில் அப்பாவின் மரக்கறிக் கடையில் வளர்ந்தவள். விலை சொல்லும் வாயை விட்டுவிட்டுச் சொல்பவனின் கையைப் பார்க்கப் பழகியவள்.

"நேற்று எத்தினை மணிக்குப் பூட்டினியள், அக்கா?"

"ஏழு மணி. உந்த உடுப்பைப் பார்க்கவே பயம், பிள்ளை. ஆரோ உள்ளுக்கை நிக்கிற மாதிரி. அதிலை கை வைக்க எனக்கென்ன விசரே?"

ஃபெரான்தே, கேட்காமலே, தான் கண்டதைச் சொன்னான். நேற்று ஆறரைக்குக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தானாம். அவள் இதே நீலச் சப்பாத்துகளோடு கவுனைச் சுற்றிச் சுற்றி நடந்தாளாம். காலடியில் ஏதோ நொறுங்கியதாம். சொல்லும்போது அவன் கை கோட்டுப் பையை விட்டு வரவில்லை. வாடிய கீரையை இன்று பறித்தது என்று சத்தியம் பண்ணுபவர்களைச் சாம்பவி நிறையக் கண்டிருக்கிறாள்.

அவள் சிஞ்ஞோராவிடம் ஒரே கேள்வி கேட்டாள்: துஷாந்தியின் சப்பாத்து என்ன நிறம்?

சிஞ்ஞோரா விழித்தார். நான்கு வருடமாக இந்த அறையில் அவள் வெறும் பாதத்தைத்தான் பார்த்திருக்கிறேன் என்றார்.

சாம்பவி இன்ஸ்பெக்டரிடம் தணிந்த குரலில் விளக்கினாள். எங்கள் தமிழ் ஆட்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு நுழைவதில்லை. அக்கா வேலை செய்யும் அறைக்குள்ளும் அதே பழக்கம். நீங்களே அதை வாசலுக்கு வெளியேதானே எடுத்தீர்கள்? உள்ளே போகாத சப்பாத்து உள்ளே கிடந்த சிறகை மிதிக்காது. காலையில் எல்லோரும் ஓடிவந்தபோது ஒரு கைதான் அதை அங்கே அழுத்தியது. பழி போட நினைத்தது சிஞ்ஞோராவாக இருந்தால் அக்காவின் ஏப்ரன் பையில் வைத்திருப்பார். இவள் வேலை செய்வதை ஒருநாளும் பார்க்காதவன்தான் சப்பாத்தைத் தேர்ந்தெடுப்பான். அதைக் காலில் கண்டதாகவும் சொல்லுவான்.

10.05. ஃபெரான்தேயின் கோட்டுப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்கள். பஞ்சுக்குள் ஐம்பத்தொன்பது சிறகுகள். அறுபதாவது சப்பாத்தடியில் நொறுங்கியது. யாரோ உள்ளே அசைந்ததுபோலக் கவுனின் ஓரம் ஒருமுறை ஆடியது. சன்னல் திறந்திருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை.

படியிறங்கும்போது துஷாந்தி மெல்லக் கேட்டாள்.

"என்ரை சப்பாத்து?"

"வழக்கு முடியத் தருவினம், அக்கா. அதுதான் இப்ப பெரிய சாட்சி."

பெர்மெஸ்ஸோப் பத்திரங்கள் இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி, அவள் வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள்.