தகடு வைக்கும் கை

நூம்பலில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துத்தான் எங்கள் கை சிகிச்சை மையம் நடக்கிறது. அன்று மழை மதியம். சுவரெல்லாம் ஈர வாசனை. ஷேர் ஆட்டோவிலிருந்து உத்தமனை அவர் மனைவி முனியம்மா கைத்தாங்கலாக இறக்கினார்.

உத்தமன் மண்ணூர்பேட்டையில் தகடு அமுக்கும் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். வலது கை செத்ததுபோலத் தொங்கியது. ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. கைக்கு அசைவு திரும்பாவிட்டால் வேலை போய்விடும்.

"இன்னா பண்ணியாவது கைய எழுப்பி வுட்டுடும்மா," என்றார் முனியம்மா.

பேய், பிசாசெல்லாம் எனக்கு வேலையற்றவர்கள் பேச்சு. மெஷின் கையுறைக்குள் அவர் கையை விட்டேன். அது விரல்களை அதிர வைத்து, மடக்கி நீட்டும். கையைத் தொடர்ந்து தூண்டினால், அதை ஆட்டும் மூளைப் பகுதி விழித்துக்கொள்ளும். விழித்ததா என்று பார்க்கத் தலையில் காந்தச் சுருளை வைத்து ஒரு துடிப்பு கொடுப்போம். கட்டைவிரல் துள்ள வேண்டும்.

வாரக்கணக்கில் துள்ளவில்லை.

ஒருநாள் கையுறையைக் கழற்றியதும் கை தானாக எழுந்தது. முனியம்மா அழுதுகொண்டே கும்பிட்டார்.

கை முன்னால் நீண்டது. மேஜையில் எதையோ வைத்தது. விரலால் அதன் ஓரத்தைச் சரிசெய்து பின்வாங்கியது. மறுபடி நீண்டது.

"மேடம், நான் ஆட்டல," உத்தமன் கிசுகிசுத்தார். "இது கிறிஸ்துதாஸ்."

கிறிஸ்துதாஸ் எதிரே நின்று பிரஸ்ஸுக்குள் தகடு வைத்தவராம். அவர் கையை வெளியே எடுத்துத் தன் பட்டனை அமுக்கினால்தான், உத்தமன் பட்டனுக்கு பிரஸ் இறங்கும். வேகத்துக்காக அங்கே எல்லோரும் அந்தப் பட்டன் அமுங்கியே இருக்கும்படி குச்சி செருகிவிடுவார்கள். ஒருநாள் கிறிஸ்துதாஸ் கை உள்ளே இருக்கும்போதே உத்தமன் அமுக்கிவிட்டார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே கிறிஸ்துதாஸ் உயிர் போயிருக்கிறது.

சுருளை உத்தமன் தலையில் வைத்தேன். கைத் தசையின் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு நேராகவே ஓடியது. மூளையிலிருந்து அந்தக் கைக்கு எதுவும் போகவில்லை.

கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

"கட்டிப் போடுங்க மேடம்!" உத்தமன் கத்தினார்.

நானும் முனியம்மாவும் சேர்ந்து பிடித்தோம். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. மெஷின் ஆயில் நாற்றம்.

கை நீண்டது. இம்முறை பின்வாங்கவில்லை.

உத்தமனின் இடது கட்டைவிரல் மெல்ல உயர்ந்தது.

"வேணாம் தாஸு... என்னை வுட்டுடு..."

விரல் காற்றை அமுக்கியது.

எலும்பு நொறுங்கும் சத்தம். மேஜைமேல் எதுவும் விழவில்லை. ஆனால் எங்கள் பிடியிலேயே வலது கை தட்டையாக நசுங்கியிருந்தது.

சீழ் வைத்து, கடைசியில் தோளோடு எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் இருவரும் வந்தார்கள். "செயற்கைக் கை வெச்சிக்கினா வேலைக்குப் போவலாமாமே?" என்று முனியம்மா கேட்டார்.

"வேணாம்மா," என்றார் உத்தமன். "கை குடுத்தா அவனும் வேலைக்கு வந்துருவான்."

கரண்ட் இல்லை, விசிறி ஓடவில்லை. அவருடைய காலிச் சட்டைக்கை மெல்லப் புடைத்தது. என் பக்கமாக நீண்டது.