சிவப்பு விலகிய படம்

சனிக்கிழமை மாலை 5.10. ஐலீன் ஸ்டக்கி தையல் மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். மாத்திரைப் புட்டியைக் காணோம்.

மதியம் ஒரு மணிக்கு அவளே எடுத்துக் கொடுத்து, அவளே உள்ளே வைத்த புட்டி. அவள் கணவன் மெர்லுக்கு எலும்பில் புற்றுநோய் முற்றியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்ற கணக்கில்தான் அவருடைய நாள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து ஒன்று, ஜனவரி. அமெரிக்காவில், ஒஹையோவின் அந்தக் காகித ஆலை ஊரில் இதே வலி மாத்திரையைப் போதைக்காக வீடு புகுந்து திருடுகிறவர்கள் பெருகியிருந்தார்கள்.

5.40க்கு ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து துப்பறிவாளர் லொரெட்டா வாஸ் வந்தாள். கூடத்தில் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது டிவிதான். ஐம்பத்தைந்து அங்குலம். துணி அலமாரி போல ஒரு பெட்டி, பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு நேர் எதிரே, கூடத்தின் நடுவில், மருத்துவமனைக் கட்டில். மெர்ல் ரிமோட்டை நெஞ்சில் வைத்தபடி கண்ணை மூடிக் கிடந்தார். அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது.

மகன் கர்ட் ஆலைச் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றான். ஷெரீஃபைக் கூப்பிட்டது அவன்தான்.

“டிவி கடையிலேர்ந்து வந்த டுவேன் பிக்கெட்தான். வேற யாரு? இதே மாத்திரைக்காக ரெண்டு வருஷம் உள்ள இருந்தவன்.”

“நீங்க எப்ப வந்தீங்க?”

“அஞ்சு மணிக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வர்றேன்.”

ஐலீன் விட்டு விட்டுச் சொன்னாள். மறுநாள் அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம். பழைய டிவியில் மெர்லின் கண்ணுக்குப் பந்தே தெரியவில்லை. போன வாரம் கடையில் அவள் சிறியதைத்தான் காட்டினாள்; சக்கர நாற்காலியில் இருந்த மெர்ல் இதை விட்டு நகரவில்லை. டுவேன் அப்போதே எச்சரித்திருக்கிறான். இந்த வகையில் படம் பின்னாலிருந்து கண்ணாடியில் பட்டுத் திரைக்கு வருகிறது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் இருட்டிப்போகும், நேராகத்தான் பார்க்க வேண்டும். அதனால் இன்று காலை பதினொரு மணிக்குப் பெட்டி வந்ததும், ஜன்னலோரம் கிடந்த கட்டிலை நடுக்கூடத்துக்கு, தையல் மேஜைப் பக்கம் நகர்த்தினார்கள். மெர்லைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கியவன் டுவேன்தான்.

பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிலுவைக் கோடுகளைத் திரையில் வரவழைத்து, மூன்றும் ஒன்றாகி வெள்ளையாகும்வரை சரிசெய்தான். மூன்று மணிக்குக் கிளம்பினான். 3.20க்கு மெர்ல் அவளைக் கூப்பிட்டார். திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு நிழல் ஆள் நின்றது. அடுப்படித் தொலைபேசியில் கடையைப் பிடித்துப் பேச அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. 4.15க்கு டுவேன் தனியாக வந்தான், சரிசெய்தான், 4.40க்குப் போனான். அவள் அடுப்படியில் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். மெர்ல் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

“அப்போ கூடத்துல டுவேன் மட்டும்தான்?”

ஐலீன் தலையசைத்தாள். சொல்லிவிட்டோமே என்று அவள் முகம் கலங்கியது. வேறு மாத்திரை நகரத்திலிருந்து வர ஒன்பது மணி ஆகும் என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். அதுவரை மெர்ல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

6.15. கடையின் பின்கட்டில் டுவேன் பிக்கெட் தன் சட்டைப் பைகளை அவனாகவே வெளியே இழுத்துக் காட்டினான். நன்னடத்தை விடுதலையில் இருந்தவன். ஒரு புகார் போதும், மறுபடி சிறைதான்.

“படம் ஏன் கெட்டுச்சு?” என்றாள் லொரெட்டா.

“சிவப்பு மட்டும் வெலகியிருந்துச்சு. நீலம் வெச்ச எடத்துலயே இருந்துச்சு.”

“பெட்டிய யாராவது நகத்தினாங்களா?”

“நகத்தினா ரெண்டுமே கலைஞ்சிரும். சக்கரம் கம்பளத்துல பதிஞ்ச குழிய விட்டு அசையவே இல்ல.”

“அப்புறம் எப்படி?”

“பெரியவரு ரிமோட்ட அமுக்கிட்டாருன்னு நெனச்சேன். அந்தம்மா முன்னாடி சொல்லி அவரச் சங்கடப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன்.”

“கை தவறி அமுக்கினா சிவப்பு நகருமா?”

“நகராது மேடம். மெனுவுக்குள்ள போகணும், கலர எடுக்கணும், அப்புறம் தள்ளணும். இருவது தடவையாவது அமுக்கியிருக்...” அவன் பேச்சு நின்றது. தான் சொன்னது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

“இத அவங்க முன்னாடியும் சொல்வீங்களா?”

“நான் சொன்னா யாரு மேடம் நம்புவாங்க?”

7.00. லொரெட்டா ஐலீனையும் கர்ட்டையும் அடுப்படியில் இருக்கச் சொன்னாள். கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே பெரிய திரையில் யாரோ சத்தமில்லாமல் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“மிஸ்டர் ஸ்டக்கி, புட்டிய எடுத்தது நீங்கதான்.”

மெர்ல் கண்ணைத் திறந்தார்.

“நீங்க எந்திரிக்க முடியாதவர்ங்கிறதால யாரும் உங்கள நெனைக்கவே இல்ல. நேத்து வரைக்கும் கட்டில் ஜன்னல் பக்கம், மாத்திரை அந்தக் கோடியில. இந்த டிவிய நேராப் பாக்கணும்னு கட்டில நகத்தினாங்க. இப்ப இழுப்பறை உங்க தலைமாட்டுல, கைக்கு எட்டுற தூரத்துல. ஐலீன் எப்பவும் வெக்கிற எடத்துலயே வெச்சாங்க. அத யாரும் கவனிக்கல.”

“ஐலீன் ரெண்டு நிமிஷத்துக்கு மேல பக்கத்த விட்டுப் போகவே மாட்டா,” என்றார் அவர். குரல் காய்ந்திருந்தது.

“அதனால சிவப்பத் தள்ளினீங்க. போன் அடுப்படியில இருக்கு.”

“டுவேன் வேலை செய்யும்போது பாத்து வெச்சிருந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எங்கயோ தொலைச்சிட்டேன்னு அவ நெனச்சுக்குவா, நர்ஸ் வேற தருவான்னு இருந்தேன். கர்ட் உங்களக் கூப்பிடுவான்னு நெனைக்கல. அந்தப் பையனப் பத்தி நான் யோசிக்கவே இல்ல.”

“எல்லாத்தயும் ஒண்ணா முழுங்கவா?”

“நாளைக்கு ஆட்டத்தப் பாத்துட்டு.”

லொரெட்டா தலையணை உறைக்குள் கையை விட்டாள். புட்டி இருந்தது. எண்ணிப் பார்த்தாள். ஐலீன் சொல்லியிருந்த கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஐந்து மணியிலிருந்து இரண்டு மணி நேரம், மருந்தைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டே அவர் வலியில் கிடந்திருக்கிறார். ஒன்று தின்றாலும் முகம் தெளிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று.

நிமிர்ந்தபோது ஐலீன் வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்து லொரெட்டாவின் கையிலிருந்து புட்டியை வாங்கினாள். ஒரு மாத்திரையை எடுத்து, மெர்லின் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, தண்ணீர் புகட்டினாள். அவர் விழுங்கினார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம், மெர்ல்.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

ஐலீன் புட்டியை மூடினாள். பிறகு லொரெட்டாவைத் திரும்பிப் பார்த்தாள், ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் இந்தப் பெண்ணிடமாவது ஒரு பதில் இருக்கும் என்பது போல.

பத்தொன்பது வருட வேலையில் யார், எப்படி, எப்போது என்று லொரெட்டா எத்தனையோ கேள்விக்கு விடை கண்டிருக்கிறாள். இது அந்த வகைக் கேள்வி இல்லை. அடுப்படிக்குப் போய், டுவேன் எடுக்கவில்லை என்று கர்ட்டிடம் சொன்னாள். வேறு யார் என்று அவன் கேட்டான். அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவனுக்குப் போட்டு, முதலில் உட்காரச் சொன்னாள்.